மீன் எண்ணெய் பூசிய வண்டி

சோல்விக், செப்டம்பர் 2

ஹால்வார்,

'அன்புள்ள' என்று தொடங்கப் பார்த்தேன், கை வரவில்லை. விட்டுவிட்டேன்.

காரியமாகத்தான் எழுதுகிறேன். எனக்கு ஒரு பழைய ஜீப் வாங்கவேண்டும். புதியது வாங்க வக்கில்லாமல் செய்துவிட்டுத்தான் நீ உள்ளே போயிருக்கிறாய். இருக்கிற சின்னக் காரை வைத்துக்கொண்டு பனிக்காலத்தில் மலைச்சாலை ஏற முடியாது. மலை ஏறாமல் நீ இருக்கும் ஊருக்கு வர வேறு வழி கிடையாது.

மகள் சிக்னேயைப் பார்க்கவேண்டும் என்று மாதாமாதம் வக்கீலை விட்டு மனுப் போடுகிறாய். சரி, இதுதான் என் பதில். பழைய ஜீப்பைப் பார்த்து வாங்குவது எப்படி என்று எனக்கு ஒழுங்காக, உண்மையாக எழுது. நல்ல வண்டி கிடைத்தால் அதிலேயே அவளை ஏற்றி உன்னிடம் கூட்டி வருகிறேன். இந்தக் கடற்கரையில் பழைய வண்டி விற்று மற்றவர்களை மொட்டையடித்ததில் உன்னை மிஞ்ச ஆள் இல்லை. அதனால்தான் உன்னைக் கேட்கிறேன்.

என் தம்பி யோஸ்தைனின் வழக்கு நவம்பரில் வருகிறது. தெரிந்திருக்கும்.

தொலைபேசியில் பேச அனுமதி கேட்டு இனி தாள் அனுப்பாதே. உன் குரல் என் வீட்டுக்குள் வரக்கூடாது. எழுத்து வரலாம்.

இங்வில்

*

செப்டம்பர் 8

என் இங்வில்லுக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் அரை நாள் பிரிக்காமல் வைத்திருந்தேன். பிரித்தபின் ஏன் பிரித்தோம் என்று இருந்தது. நாக்கில் இன்னும் அதே மிளகாய்தான். போகட்டும். எட்டு மாதமாக ஒருவரும் என்னிடம் எதையும் கேட்கவில்லை. சாப்பிட்டாயா என்றுகூட. நீ கேட்டிருக்கிறாய், அதுவும் எனக்குத் தெரிந்த ஒரே விஷயத்தை. சொல்கிறேன்.

முதலில், விற்பவனிடம் எத்தனை மணிக்கு வருவாய் என்று சொல்லாதே. சொன்னால் முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்துவிடுவான். போனவுடன் பானெட்டில் கையை வை. சில்லென்று இருந்தால்தான் மேலே பேச்சு. ஆறிப்போன என்ஜினை நீயே கிளப்பு. வெள்ளைப் புகை கொஞ்சம் வந்து நின்றுவிட்டால் பயமில்லை. நீலமாக வந்தால் எண்ணெய் குடிக்கிறது. எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து உள்பக்கம் பார். பாலாடை மாதிரி படிந்திருந்தால் திரும்பிப் பார்க்காமல் நட.

ஓடிய கிலோமீட்டரைக் காட்டும் மீட்டரை நம்பாதே. (சிரிக்காதே. அந்தக் குற்றத்துக்காகத்தான் நான் இங்கே களி தின்கிறேன்.) பிரேக் மிதியின் ரப்பரைப் பார், ஓட்டுநர் சீட்டின் ஓரத்தைப் பார். மிதி வழவழவென்று தேய்ந்திருக்க, மீட்டர் மட்டும் குறைவாகக் காட்டினால் என்னைப் போல் ஒருவன் கைவைத்திருக்கிறான். நாலு சக்கரமும் இழுக்கும் கியரைப் போட்டு, சரளைக் கல் பாதையில் வட்டமடித்துப் பார். கடகடவென்று அடித்தால் வேண்டாம்.

என்ஜின் போனால் மாற்றலாம். கியர் பாக்ஸ் போனால் மாற்றலாம். சேசிஸ், வண்டியின் அடிச்சட்டம், போனால் சவப்பெட்டிதான். நம் ஊரில் எல்லோரும் படகைக் கட்டி இழுத்துக்கொண்டு, பின் சக்கரம் முங்கும்வரை வண்டியைக் கடலுக்குள் இறக்குகிறார்கள். அந்த உப்பு உள்ளேயே உட்கார்ந்து தின்னும். சுத்தியல் எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படு. தட்டிக்கொண்டே போ. 'டங்' என்றால் இரும்பு. 'பொத்' என்றால் துரு.

யோஸ்தைனைப் பற்றி நான் என்ன சொல்ல? அந்தப் பெண் மார்கித் செத்ததில் எனக்கும் வருத்தம்தான். ஆனால் பட்டறையில் வெல்டிங் அவன் வேலை. நான் விற்கிறவன். வெல்டிங் துப்பாக்கியை நான் வாழ்நாளில் பிடித்ததில்லை. போலீஸிடம் சொன்னதையே உன்னிடமும் சொல்கிறேன். தம்பிப் பாசம் உன் கண்ணை மறைக்கிறது.

சிக்னே எவ்வளவு உயரம் வளர்ந்திருக்கிறாள்? அடுத்த கடிதத்தில் எழுது.

ஹால்வார்

*

சோல்விக், செப்டம்பர் 15

ஹால்வார்,

உன் தோள் அளவுக்கு வந்திருப்பாள். நேரில் நிறுத்திப் பார்க்காமல் சொல்ல முடியாது.

மார்கித் செத்ததில் 'எனக்கும் வருத்தம்தான்' என்று எழுதியிருக்கிறாய். முடியாத கிழவர் கிழவிகளின் வீடு வீடாகப் போய்க் குளிப்பாட்டி, மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தவள் அவள். உன்னிடம் வாங்கிய ஜீப்பின் பின் ஆக்சில் மலை இறக்கத்தில் பிய்த்துக்கொண்டு போய், வண்டியோடு பள்ளத்தில் கிடந்தாள். என் தம்பி இன்னும் அவள் வீட்டுத் தெரு வழியாகப் போவதில்லை, சுற்றிப் போகிறான். நீ ஒரு வரியில் முடித்துவிட்டாய்.

வண்டி விஷயத்துக்கு வருகிறேன். ஒன்று பார்த்துவிட்டேன். பழைய பெட்டி மாதிரி ஜீப், டீசல், கரும்பச்சை. மீனவர் அர்ன்ஃபின்னுடையது. படகை விற்றுவிட்டார், வண்டியும் வேண்டாமாம். டிக்கி கதவில் கைப்பிடிக்குக் கீழே ஒரு சின்னச் சொட்டை. பின் கண்ணாடியில் கிழிந்த பஃபின் பறவை ஸ்டிக்கர்.

நீ சொன்னபடி பானெட்டில் கை வைத்தேன், சில்லென்று இருந்தது. புகை வந்து நின்றுவிட்டது. மூடி சுத்தம். சுத்தியலோடு மல்லாக்கப் படுத்து இரண்டு பக்கமும் தட்டினேன். கடைசிவரைக்கும் 'டங்'தான். அடிப்பாகம் முழுக்கத் தார் பூச்சு, அதற்குமேல் மீன் எண்ணெய். என் ஜாக்கெட்டிலிருந்து வாடை இன்னும் போகவில்லை. வண்டிக்கு வருடா வருடம் மீன் எண்ணெய் அடிக்கிறவன் அதைப் பிள்ளை மாதிரி வைத்திருப்பான் என்று நம் ஊரில் குழந்தைக்குக்கூடத் தெரியும். எனக்குப் பிடித்துவிட்டது.

வாங்கலாமா?

இங்வில்

*

செப்டம்பர் 19

இங்வில்,

அவசரப்படாதே. உன் புத்தியே இதுதான். எதைப் பார்த்தாலும் முதலில் பார்த்ததே பிடித்துவிடும். என்னைக் கட்டிக்கொண்டதும் அப்படித்தான்.

அந்த வண்டி வேண்டாம். அர்ன்ஃபின் கஞ்சன். கஞ்சன் வைத்திருந்த வண்டியில் எண்ணெய் மாற்றியிருக்கமாட்டான். அந்த மாடல் டீசல் பம்பு எப்போது கழுத்தறுக்கும் என்று சொல்ல முடியாது, குளிரில் கிளம்பாது. கரும்பச்சை வேறு. மலையில் மங்கலான வெளிச்சத்தில் எதிரே வருகிற லாரிக்காரன் கண்ணுக்குத் தெரியாது.

ஊரில் வேறு ஜீப்பே இல்லையா? பெரிய ஊரில் போய்ப் பார். கொஞ்சம் காத்திரு. என்னைப் பார்க்க வருவதற்கு அவ்வளவு துடிப்பா உனக்கு? நம்பச் சொல்கிறாயா?

மீன் எண்ணெய் வாடையை வைத்து முடிவு பண்ணாதே. அது யார் வேண்டுமானாலும் அடிக்கலாம்.

ஹால்வார்

*

சோல்விக், செப்டம்பர் 26

ஹால்வார்,

துறைமுகப் பட்டறை ஓலாவைக் கூட்டிக்கொண்டு போனேன். பம்பைக் கழற்றிப் பார்த்தான். "இன்னும் பத்து வருஷம் ஓடும்க்கா, நீங்க ஏன் கெடந்து பயப்படுறீங்க?" என்றான். எண்ணெயைச் சொட்டவிட்டு விரலில் தேய்த்துப் பார்த்தான், மாற்றியபின் அதிகம் ஓடவில்லை என்றான். நிறம் உனக்குப் பிடிக்கவில்லை என்றால் பகலிலும் விளக்கைப் போட்டுக்கொண்டு ஓட்டுகிறேன். சட்டப்படி எல்லோரும் அப்படித்தான் ஓட்டுகிறோம், ஒருவேளை உள்ளே இருந்து மறந்துவிட்டாய்.

அர்ன்ஃபின்னிடம் கஞ்சன் என்று நீ சொன்னதைச் சொன்னேன். சிரித்தார். "எங்கிட்ட இத வித்தவனே உன் புருஷந்தான். அன்னிக்கு என்னய வள்ளல்னு தோள்ல தட்டிக் காப்பி வாங்கிக் குடுத்தான். இன்னிக்கு நான் கஞ்சனா?" என்றார்.

அது உன் பட்டறையிலிருந்து போன வண்டியாமே. நீ ஏன் அதைச் சொல்லவில்லை? சொட்டையையும் ஸ்டிக்கரையும் எழுதியிருந்தேனே. நீ விற்ற வண்டி உனக்குத் தெரியாதா?

ஏதாவது குறை இருந்தால் இப்போது சொல். வேண்டாம் என்பதற்குக் காரணம் வேண்டும். உண்மையான காரணம் ஒன்றே ஒன்று சொல், விட்டுவிடுகிறேன்.

இங்வில்

*

செப்டம்பர் 30

இங்வில்,

நூற்றுக்கணக்கில் வண்டி விற்றவன் நான். ஒவ்வொன்றின் சொட்டையையும் மனப்பாடம் பண்ணி வைத்திருப்பேனா?

காரணம் வேண்டுமாம் காரணம். நான் சொல்கிறேன் என்பது போதாதா? போதாது. உனக்கு என்றைக்குப் போதுமாக இருந்தது? உன் தம்பி ஒரு சொல் சொன்னால் வேதம், நான் சொன்னால் குப்பை. பன்னிரண்டு வருடம் உனக்குச் சோறு போட்டது அந்தப் பட்டறை. அதே பட்டறை வண்டியைப் பற்றி இன்றைக்கு என்னையே குறுக்கு விசாரணை பண்ணுகிறாய்.

பழைய வண்டி என்றால் ஒவ்வொன்றிலும் ஏதாவது இருக்கும். அர்ன்ஃபின் வேறு எவன் தலையிலாவது கட்டிக்கொள்ளட்டும். அந்த வண்டியை எவன் வேண்டுமானாலும் வாங்கட்டும், எனக்கு அக்கறை இல்லை. நீ வாங்காதே. சிக்னேயை அதில் ஏற்றாதே. அவ்வளவுதான்.

பஸ்ஸில் வாருங்கள். மூன்று இடத்தில் மாறவேண்டும், தெரியும். இருந்தாலும் பஸ்ஸில் வாருங்கள். இல்லையென்றால் பனி விட்டபின் வாருங்கள். வசந்தம்வரை நான் பொறுத்துக்கொள்கிறேன்.

ஹால்வார்

*

சோல்விக், அக்டோபர் 7

ஹால்வார்,

ஒரே ஒரு காரணம் கேட்டேன். சோற்றுக் கணக்கு சொல்லியிருக்கிறாய். அந்தப் பன்னிரண்டு வருடமும் நானும் மீன் ஆலையில் நின்றேன், என் சோற்றை நானே போட்டுக்கொண்டேன்.

வண்டியை முடித்துவிட்டேன். பதினெட்டாம் தேதி, சனிக்கிழமை, காலையிலேயே புறப்படுகிறோம். மேலே இப்போதே பனி விழுந்துவிட்டதாம். முள் டயர் மாட்டியாயிற்று. உன் சிறையில் பார்வையாளர் நேரத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். கிளம்புவதற்குமுன் ஏதாவது சொல்லவேண்டும் என்று தோன்றினால், தபால் வந்து சேர நாள் இருக்கிறது.

சிக்னே ஒரு வரி எழுதவேண்டும் என்கிறாள். இடம் விடுகிறேன்.

இங்வில்

அப்பா, நான் பின்சீட்டில் வலது பக்க ஓரத்தில் உட்காருவேன். இறக்கத்தில் அங்கேயிருந்துதான் கடல் முழுசாகத் தெரியும். சிக்னே.

*

அக்டோபர் 10

இங்வில்,

அவளை அந்த வண்டியில் ஏற்றாதே. கெஞ்சிக் கேட்கிறேன். காலில் விழச் சொன்னால் விழுகிறேன்.

காரணம் கேட்டாயே. இந்தா.

வலது பின் சக்கரத்துக்கு மேலே சேசிஸ் வளைந்து ஏறும் இடம். அங்கே இரும்பே இல்லை. விரலை விட்டால் போய்விடும் அளவுக்கு அரித்துப்போய் என்னிடம் வந்த வண்டி அது. ஆக்சிலைப் பிடித்துக்கொண்டிருப்பதே அந்த இடம்தான். நான் ஒரு தகட்டை வெட்டிச் சுற்றிப் பொதிந்தேன். நம் வீட்டுப் பழைய ஃப்ரீசரின் மூடி. தூக்கிப் போடு, தூக்கிப் போடு என்று நீ மாதக்கணக்கில் கத்தினாயே, அதுதான். வெள்ளைப் பெயின்ட் பக்கத்தை உள்ளே திருப்பிவிட்டேன், வெளியே தெரியாது. நாலு மூலையில் பொட்டு பொட்டாகப் பற்ற வைத்தேன். சந்தில் பட்டி அடைத்தேன். சுத்தியலால் தட்டிப் பார்ப்பவனுக்கு 'டங்' கேட்கவேண்டுமே என்று உள்ளே ஒரு பழைய கம்பித் துண்டைச் செருகினேன். மேலே தார். தாருக்குமேல் மீன் எண்ணெய். மீன் எண்ணெய் வாடை வந்தால் நம் ஊர்க்காரன் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவான், நீயும் அப்படித்தான் விழுந்தாய். அரசுப் பரிசோதனைக்காரனே விழுந்தான்.

சோல்விக்குக்குள் கடைக்கும் பள்ளிக்கும் ஓட்டினால் வருடக்கணக்கில் தாங்கும். மலை இறக்கத்தில் பிரேக்கை அழுத்திப் பிடிக்கும்போது தாங்காது. தாங்கவில்லை. உனக்குப் புரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை யோஸ்தைன் மீன்பிடிக்கப் போயிருந்தபோது இரண்டு வண்டிக்குச் செய்தேன். இரண்டு வண்டிக்குத்தான். சத்தியம். அவனுக்கு ஒன்றும் தெரியாது.

காவலரிடம் சொல்லி உனக்கு ஃபோன் போடச் சொல்லலாம். என்ன விஷயம் என்று கேட்டு எழுதிக்கொள்வார். வழக்கு நவம்பரில் வருகிற நேரத்தில் அதை எப்படிச் செய்வேன்? நீயே யோசி. அதனால் எழுதுகிறேன். படித்தவுடன் இதை அடுப்பில் போடு. உன் தம்பிக்கு அதிகம் போனால் ஒரு வருடம், கல்யாணம் ஆகாதவன், கழித்துவிட்டு வந்துவிடுவான். எனக்கு என்றால் எத்தனை வருடம் என்று தெரியாது, அதற்குள் சிக்னே பெரியவளாகிவிடுவாள்.

வண்டியை அர்ன்ஃபின்னிடமே திருப்பிக் கொடுத்துவிடு. ஒன்றும் சொல்லாதே. பஸ்ஸில் கூட்டி வா. சனிக்கிழமை நான் வாசல் ஜன்னலில் நிற்பேன்.

உன் ஹால்வார்

*

சோல்விக், அக்டோபர் 16

ஹால்வார்,

கடிதம் வந்தது. அடுப்பில் போடவில்லை. இரண்டு பிரதி எடுத்தேன். ஒன்று யோஸ்தைனின் வக்கீலிடம் இருக்கிறது. மூலத்தை வக்கீலே கையோடு போலீஸில் கொடுத்துவிட்டார். திங்கட்கிழமை உன்னைப் பார்க்க அவர்கள் வருவார்கள். இந்தக் கடிதம் அதற்குமுன் உன் கையில் கிடைக்கவேண்டும் என்றுதான் விரைவுத் தபாலில் போடுகிறேன். ஒரு இரவாவது தெரிந்துகொண்டே படு.

நான் எந்த வண்டியும் வாங்கவில்லை. மார்கித் செத்த செய்தி கேட்டதும், தன் வண்டியும் அதே வாரம் உன்னிடம் வாங்கியதுதானே என்று அர்ன்ஃபின்னுக்குப் பொறி தட்டியிருக்கிறது. நேராகப் போலீஸில் கொண்டுபோய் விட்டார். அவர்கள் தாரைச் சுரண்டி, தகட்டை அறுத்துப் பார்த்து, அப்படியே கொட்டகையில் நிறுத்தியிருக்கிறார்கள். நான் பார்த்தது அங்கேதான், வக்கீல் அனுமதி வாங்கித் தந்தார். நீ சொன்னபடி சுத்தியலோடு படுத்ததும், ஓலாவைக் கூட்டிப் போனதும், மீன் எண்ணெய் வாடையும் எல்லாம் நிஜம். வலது பக்கத்தில் அறுத்துத் திறந்து கிடந்ததை மட்டும் உனக்கு எழுதவில்லை. நீ எழுதுகிறாயா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளைப் பக்கம் உள்ளே திரும்பியிருந்தது, உள்ளே கம்பி செருகியிருந்தது, இவை எந்தச் செய்தித்தாளிலும் வரவில்லை. இரண்டு வண்டியிலும் ஒரே மாதிரி. போலீஸுக்குத் தெரியும், வக்கீலுக்குத் தெரியும், அதைச் செய்தவனுக்குத் தெரியும். அது எந்த வீட்டு ஃப்ரீசர் என்று அவர்களுக்கும் தெரியாமல் இருந்தது. அதையும் நீயே சொல்லிவிட்டாய்.

உனக்கு மூன்று தடவை வழி விட்டேன், ஹால்வார். காரணம் சொல், விட்டுவிடுகிறேன் என்று எழுதினேன். 'அந்த வண்டியை எவன் வேண்டுமானாலும் வாங்கட்டும்' என்று பதில் எழுதினாய். அந்த வரியை மார்கித்தின் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திக்கொண்டார். காவலரிடம் ஒரு வார்த்தை சொன்னால் உன் மகள் பிழைப்பாள் என்ற இடத்தில்கூட, எழுதிக்கொள்வாரே என்றுதான் உனக்குத் தோன்றியது. தபால் தாமதமாகியிருந்தால்? தாமதமாகவில்லை, அதற்குத் தகுந்த மாதிரிதான் நாளைக் குறித்தேன். ஆனால் அது உனக்குத் தெரியாது.

என் தம்பி ஒரு வருடம் கழித்துவிட்டு வரலாம் என்று நீ எழுதியிருந்ததை அவனிடமே கொடுத்தேன். படித்துவிட்டு, "என்னக்கா, எனக்குக் கல்யாணம் ஆகலன்னு அவருக்கு இவ்வளவு கவலையா?" என்று கேட்டான். ஜனவரிக்குப் பிறகு அவன் சிரித்து இப்போதுதான் பார்க்கிறேன்.

சனிக்கிழமை ஜன்னலில் நிற்காதே. யாரும் வரமாட்டார்கள். நல்ல வண்டி கிடைத்தால் கூட்டி வருகிறேன் என்றுதான் வாக்குக் கொடுத்தேன். நல்ல வண்டி கிடைக்கவில்லை.

இன்னும் ஒன்று. அதை எழுதாமல் விட்டுவிடலாம் என்றிருந்தேன். சிக்னேதான் எழுதச் சொன்னாள்.

அவளுக்கு எல்லாம் தெரியும். அவளிடம் மறைத்து என்னால் இந்த வீட்டில் இருக்க முடியாது. ஏழாம் தேதி நான் எழுதிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றாள். "அம்மா, துரு எந்தப் பக்கம்?" என்று கேட்டாள். வலது பக்கம் என்றேன். பேனாவை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

அந்த வரியை நான் எழுதச் சொல்லவில்லை. எங்கே தட்டினால் நீ சத்தம் போடுவாய் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. உன் மகள்தானே.

இங்வில்